கரையான் விட்டுவைத்த இரண்டு புத்தகங்கள்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்த தப்பு அத்தனைக்கும் அதுதான் காரணம்.

திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். வடமதுரைப் பக்கத்து நூற்பாலைகளில் கெட்டுப்போகிற எலக்ட்ரானிக் போர்டுகளைச் சரிசெய்து கொடுப்பதுதான் முக்கிய வேலை. கம்ப்யூட்டர் ரிப்பேரும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்து, "மெக்கானிக் இல்லையா சார்?" என்பார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். சாயங்காலம் கடைக்கு வந்து பேப்பர் படிப்பார். தலையைத் தூக்காமல் என் பக்கம் கையைக் காட்டுவார். எங்கள் கடையில் அவர் செய்யும் ஒரே தொழில்நுட்பப் பணி அது.

பின்னறையில் ஒரு மர அலமாரி நிறையப் பழைய புத்தகங்கள் வைத்திருந்தேன். நான் படித்த பாலிடெக்னிக்கின் நூலகம் ஒருமுறை பழையதையெல்லாம் கழித்துக்கட்டியபோது அள்ளிக்கொண்டு வந்தவை. எல்லாவற்றின் முதல் பக்கத்திலும் 'நீக்கப்பட்டது' என்று ஊதா நிற முத்திரை. 8085 என்ற நுண்செயலியைப் பற்றி மட்டும் நாலைந்து. இன்றைய கைப்பேசியின் மூளையோடு ஒப்பிட்டால் அது விரல் விட்டு எண்ணுகிற குழந்தை. அப்புறம் மவுஸ் வருவதற்கு முந்தின டாஸ் காலத்து இயக்கமுறைமைகளைப் பற்றிச் செங்கல் தடிமனில் சில. எதற்காக எடுத்து வந்தேன் என்று கேட்டால் அன்றைக்கும் பதில் இருந்திருக்காது. படித்த புத்தகத்தைக் குப்பையில் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் மழைக்குப் பிறகு அந்த அலமாரியில் கரையான் ஏறிவிட்டது. கீழ்த்தட்டு இரண்டும் மண்ணாகப் போயின. என் கணவர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தட்டி, துடைத்து, மிச்சமிருந்தவற்றை வாசல் பக்கம் அடுக்கினார்.

"இதுல இருக்க மிஷினு எதுவும் இப்ப உலகத்துல இல்ல. பழசைக் கட்டிக்கிட்டு அழுற வரலாறு வாத்தியார் நானே சொல்றேன். தூக்கிப் போட்ருவோம்" என்றார்.

"போடுங்க. யாரு வேணாம்னா" என்றேன். உண்மையிலேயே எனக்கு அன்றைக்கு ஒட்டுதல் எதுவும் இல்லை. ஒரு புத்தகத்தைக்கூடத் திறந்து பத்து வருடம் இருக்கும். அவர் சணல் கயிற்றால் மூன்று கட்டாகக் கட்டி, சனிக்கிழமை வருகிற பழைய பேப்பர்காரருக்காகக் கதவோரம் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை அகரத்தில் இருந்து ஒரு சிஸ்டர் போன் செய்தார். தாடிக்கொம்பு தாண்டி, அந்தப் பக்கத்தில் பார்வையில்லாத பெண் பிள்ளைகளுக்காக ஒரு விடுதியும் வகுப்புகளும் கன்னியாஸ்திரிகள் நடத்துகிறார்கள். "எங்க பிரெய்ல் மிஷின் கம்ப்யூட்டர் அடிக்கடி அப்படியே நின்னுபோகுதும்மா. வந்து பாத்துத் தர முடியுமா?" என்றார். மறுநாள் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பிரெய்ல் அச்சு இயந்திரத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். மை கிடையாது. தடித்த தாளில் சின்னச் சின்ன ஊசிச் சுத்தியல்களால் அடித்துப் புள்ளிகளை மேடாக எழுப்பும். அதோடு இணைத்திருந்த கம்ப்யூட்டர், வெண்ணெய் நிறத்தில் இருந்து மஞ்சள் பூத்த ஒரு கிழம். தமிழை பிரெய்ல் புள்ளிகளாக மாற்றும் மென்பொருள் அதில்தான் ஓடுமாம். யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ எழுதிக் கொடுத்தது. புதுக் கம்ப்யூட்டரில் போட்டால் ஓடவில்லை. புதுக் கம்ப்யூட்டரில் அந்த அச்சு இயந்திரத்தின் அகலமான கம்பியைச் செருக இடமும் இல்லை. அதனால் இதையே வைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு சர்வரோக நிவாரணி உண்டு. கம்ப்யூட்டர் மெதுவாகப் போகிறதா, நிற்கிறதா, தும்முகிறதா, பார்மட் அடி. டிஸ்க்கைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்று. என்ன கோளாறு என்று உட்கார்ந்து கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். பார்மட் அடித்தால் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம். இந்த மாவட்டத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற அத்தனை பேரும் இதைத்தான் செய்வார்கள். அதற்கு முன்னால், 'உங்க ஃபைலெல்லாம் வேற எங்கயாவது எடுத்து வச்சிருக்கீங்களா' என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. வழக்கமாக ஃபைல்கள் இருக்கும் இடத்தைத் திறந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. அந்தப் பழைய மென்பொருள் தனக்கென்று எங்கோ ஒரு ஃபோல்டர் வைத்துக்கொண்டு அதில் சேமிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது டாஸ்தான். அதில் பார்மட் செய்யும்போது, பின்னால் மனம் மாறினால் மீட்பதற்காக ஒரு குறிப்பை ஒதுக்கி வைக்கும் வசதி உண்டு. வேகமாக முடியட்டும் என்று அதையும் வேண்டாம் என்று தட்டினேன். வேலை செய்யும்போது எதையாவது முணுமுணுத்துப் பாடுவது என் பழக்கம். பாடிக்கொண்டேதான் தட்டினேன். பக்கத்து அறையில் யாரோ பிரெய்ல் தட்டச்சில் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அப்போது நின்றது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில நொடிகளில் பார்மட் முடிந்தது. எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவதற்காக ஃபிளாப்பியைக் கையில் எடுத்தேன், கரண்ட் போய்விட்டது.

"இன்னைக்கு மாசாந்தரப் பராமரிப்பும்மா. சாயங்காலந்தான் வரும். உங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன்" என்றார் சிஸ்டர். எனக்கு எரிச்சல். ஒரு காப்பியைக் கொடுத்து உட்கார வைத்தார். அந்த மின்தடைக்கு நான் இன்றைக்கும் கைகூப்ப வேண்டும். இன்னும் ஐந்து நிமிடம் கரண்ட் இருந்து, புதிதாக ஏற்றுவது பழையதன் மேலேயே எழுதியிருந்தால் சொல்வதற்கு எதுவுமே மிஞ்சியிருக்காது.

காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் இருந்து ஒரு டீச்சர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லை. நெய்க்காரப்பட்டிக்காரர், பல வருடமாக அந்த விடுதியிலேயே தங்கிக் கணக்குப் பாடம் நடத்துகிறார் என்று சிஸ்டர் சொன்னார். சுவரைத் தொட்டுக்கொண்டு வந்து என் எதிரில் நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, என்ற பாடமெல்லாம் பத்திரமா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"என்ன பாடம் டீச்சர்?"

"பத்தாம் வகுப்புக் கணக்குங்க. முப்பத்தொரு பாடம். பதினோரு வருசமா கொஞ்சங் கொஞ்சமா அடிச்சு அந்த மிஷினுக்குள்ளதான் வெச்சிருக்கேன்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பாடநூலில் இருக்கிற கணக்கை அப்படியே புள்ளியாக மாற்றினால் பிள்ளைகளுக்குப் புரியாதாம். வட்டமும் முக்கோணமும் கண்ணுள்ளவர்களுக்கு வரைந்தவை. அதனால் ஒவ்வொரு பாடத்தையும் விரலுக்குப் புரிகிற வரிசையில் தானே எழுதி, படங்களையும் புள்ளிகளாலேயே வரைந்திருந்தார். அப்படியொரு புத்தகம் வேறெங்கும் கிடையாது. தாளில் அச்சடித்த பழைய பிரதி இருக்குமே என்று ஒரு நம்பிக்கையில் கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு கட்டுத் தாளை எடுத்து வந்து, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையே டீச்சர். வழவழன்னு இருக்கு."

"அதானுங்க. புள்ளைங்க விரல் பட்டுப் பட்டுப் புள்ளி அமுங்கிப் போச்சு. இந்த வருசம் ஒன்பது பேரு பத்தாவது. அரையாண்டுக்கு முன்னால புதுசா அடிச்சுத் தரணும். அதுக்குத்தான் சிஸ்டரை உங்களைக் கூப்பிடச் சொன்னேன்."

நான் ஒரு பொய் சொன்னேன். "டிஸ்க் ரொம்பப் பழசு டீச்சர். இப்பப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே போயிருச்சு. கழட்டிட்டுப் போய் எடுக்க முடியுமான்னு பாக்குறேன்" என்றேன். கடைக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம் அது. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. டீச்சர் முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, "பாருங்க அம்மிணி" என்றார்.

டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றி வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். தாடிக்கொம்பு ரோட்டில் வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டியது வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

கடையில், மில் வேலைகளுக்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்திருக்கிறேன். டிஸ்க்கை அதில் மாட்டி, முதலில் எழுத்து பிசகாமல் முழு நகல் ஒன்று எடுத்தேன். பிறகு என்னிடம் இருந்த மீட்பு மென்பொருளை அந்த நகலின் மேல் ஓடவிட்டேன். அது போட்டோ, கடிதம், பாட்டு என்று தனக்கு அடையாளம் தெரிந்ததைத்தான் தேடும். டீச்சரின் பாடங்களோ வெறும் புள்ளிக் குறிகள். முகப்பில் எந்த அடையாளமும் இல்லை. ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கொட்டிவிட்டு, வேலை முடிந்தது என்றது. எது முதல், எது கடைசி, எது எந்தப் பாடம், ஒன்றும் தெரியவில்லை. ஒரு துண்டைத் திறந்தால், பூனை விசைப்பலகையில் நடந்த மாதிரி எழுத்துகள். இணையத்தில் தேடினேன். எல்லோரும் 'இந்தப் பொத்தானை அழுத்துங்கள்' என்றார்கள். அந்தப் பொத்தானை நான் ஏற்கெனவே அழுத்தியிருந்தேன்.

என் கணவர் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். பொய்யையும் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. அவர் கேலி செய்யாவிட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"அழிஞ்சது அழிஞ்சதுதானா? ஒண்ணுமே மிஞ்சாதா?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் பத்தொன்பது வயதில் படித்த ஏதோ ஒன்று தலைக்குள் அசைந்தது. பார்மட் செய்தால் அட்டவணைதான் போகும், பொருள் போகாது. யார் சொன்னது? எங்கே படித்தேன்? எழுந்து போய்க் கதவோரம் இருந்த கட்டுகளின் கயிற்றை அறுத்தேன். மேல் கட்டில் இருந்தவற்றை எடுக்கும்போதே முதுகு உதிர்ந்தது. கரையான் அட்டைக்குள் புகுந்து பக்கங்களை அரித்திருந்தது. மூன்று கட்டிலும் சேர்த்து முழுசாக இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று டாஸைப் பற்றிய அந்தச் செங்கல். இன்னொன்று 8085 பற்றிய ஒரு மெலிந்த புத்தகம்.

"கரையானுக்கே புடிக்கல போல" என்றார் என் கணவர். பிறகு மறு பேச்சு இல்லாமல் இரண்டையும் தூசி தட்டி என் மேசையில் வைத்தார்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்து, வெளியே 'இன்று விடுமுறை' என்று எழுதித் தொங்கவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். அந்தக் காலையை என்னால் மறக்க முடியாது. இப்போது வருகிற புத்தகங்கள் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்கின்றன. இந்தச் செங்கல் அது என்ன என்று சொன்னது. டிஸ்க் என்பது வரிசையாக எண்ணிட்ட சின்னச் சின்னக் கட்டங்கள். முன்னால் ஒரு அட்டவணை. எந்த ஃபைல் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது, எங்கே தொடர்கிறது என்று அதில் எழுதியிருக்கும். பார்மட் அந்த முன் அட்டவணையைத்தான் துடைக்கிறது. ஆனால் ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களின் அட்டவணை, ஃபோல்டரோடு சேர்ந்து கட்டங்களுக்கு உள்ளேயே எங்கோ இருக்கும். அதை யாரும் தொடுவதில்லை. அப்படி ஒவ்வொரு ஃபோல்டரின் அட்டவணையும் எப்படித் தொடங்கும் என்றும் எழுதியிருந்தது: முதல் வரியில் ஒரு புள்ளி. இரண்டாம் வரியில் இரண்டு புள்ளி.

எந்த ஊரில் உட்கார்ந்து யார் எழுதினாரோ. தன் காலத்தோடு காலாவதியாகிப் போகும் என்று தெரிந்தே ஒவ்வொரு பைட்டையும், இது முதலாவது, இது இரண்டாவது, இது எதற்கும் பயன்படாமல் சும்மா இருக்கிறது என்று, சும்மா இருப்பதைக்கூட விடாமல் அட்டவணை போட்டு வைத்திருந்தார். ஒரு மனிதர் ஒரு இயந்திரத்தை முழுவதுமாக அறிந்துகொள்ள முடிந்த காலத்தில் எழுதிய புத்தகம் அது. படிக்கப் படிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை வைத்துக்கொண்டுதான் நான் பத்து வருடமாகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு புள்ளியைத் தேடச் சொல்லி நகலின் மேல் ஒரு சின்ன நிரலை ஓடவிட்டேன். நாலைந்து இடம் காட்டியது. நாலாவது இடத்தில் திரையில் ஒரு புள்ளி, அடியில் இரண்டு புள்ளி, அதற்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். எண்ணினேன். முப்பத்தொன்று. பதினோரு வருட உழைப்பு, அத்தனையும் பெயர் மாறாமல், நான் துடைத்துவிட்டதாக நினைத்த தட்டிலேயே உட்கார்ந்திருந்தது. எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி எண்ணினேன்.

ஒவ்வொரு பெயருக்கும் பின்னால், அது தொடங்கும் கட்டத்தின் எண் இரண்டு பாதியாக எழுதியிருந்தது. அதை அப்படியே சேர்த்துப் படித்தால், அந்த டிஸ்க்கில் இல்லவே இல்லாத பெரிய பெரிய எண்கள் வந்தன. செங்கல் அதைப் பற்றிப் பேசவில்லை; இதுகூடத் தெரியாதவர் என்னைப் படிக்க வருவானேன் என்று நினைத்திருக்கும். மெலிந்த புத்தகத்தைத் திறந்தேன். அந்தக் கம்ப்யூட்டரின் மூளைக்கு 8085 தாத்தா முறை. தாத்தாவுக்கு ஒரு பழக்கம்: எண்ணின் சிறிய பாதியை முதலில் வைப்பார், பெரிய பாதியைப் பின்னால் வைப்பார். அந்தப் பக்கத்து ஓரத்தில், எனக்கு முன்பே அதைப் படித்த ஏதோ ஒரு மாணவரோ மாணவியோ பென்சிலால் எழுதியிருந்தார்: 'குட்டி முன்னால, பெருசு பின்னால. மறந்தா பெயில்.' பெயிலானாரா பாஸானாரா தெரியாது. அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எண்களைத் திருப்பிப் போட்டேன். எல்லாம் டிஸ்க்குக்குள் அடங்கின.

மூன்று பாடங்களை ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு மறுநாளே அகரத்துக்கு ஓடினேன். என்னால் அந்த எழுத்துகளைப் படிக்க முடியாது. சரியா தப்பா என்று சொல்லக்கூடியவை டீச்சரின் விரல்கள்தான். நகல் கடையில் பத்திரமாக இருந்ததால், டிஸ்க்கையும் மென்பொருளையும் பழையபடி பொருத்தி, அச்சு இயந்திரத்தை முடுக்கினேன். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம். கதவோரம் இரண்டு பிள்ளைகள் வந்து நின்று, "டீச்சர், மிஷின் ஓடுது" என்றார்கள். டீச்சர் முதல் தாளை மடியில் வைத்து இரண்டு கையாலும் படித்தார். இடது கை வரியைப் பிடித்துக்கொள்ள, வலது கை ஓடியது. பத்துத் தாள், இருபது தாள். அவர் முகத்தில் சந்தோஷம் வரக் காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"இது என்ற பாடந்தானுங்க. ஆனா தலை இல்லை. மொத நாலு பக்கத்தைக் காணோம். கடைசியில அடுத்த பாடத்தோட தலைப்பு வந்து ஒட்டியிருக்குது."

"அப்ப அந்த நாலு பக்கம் அழிஞ்சிருக்கும் டீச்சர்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"செத்த இருங்க" என்று இரண்டாவது பாடத்தை எடுத்தார். பிறகு மூன்றாவதை. தாள்களை விரலால் எண்ணினார். "இதுலயும் நாலு. இதுலயும் நாலு. அழிஞ்சிருந்தா ஒண்ணுல ரெண்டு போகும், இன்னொண்ணுல ஆறு போகும். எல்லாத்துலயும் அதே நாலுன்னா, எதுவும் தொலையலீங்க அம்மிணி. நீங்க எண்ண ஆரம்பிச்ச எடந்தான் தப்பு. புள்ளைங்க அளவுகோலை ஒண்ணுல வெச்சு அளந்துட்டு வந்து நிப்பாங்க பாருங்க, அது மாதிரி."

கம்ப்யூட்டரின் உள்ளே என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. வெறும் விரலாலும் கணக்காலும் என் நிரலில் இருந்த தப்பைப் பிடித்துவிட்டார். இரண்டு கட்டம் சேர்ந்தால் அந்த டிஸ்க்கில் நாலு பிரெய்ல் பக்கம். என் கணக்கு இரண்டு கட்டம் தள்ளி விழுகிறது. அது எனக்குப் புரிந்தது. ஏன் இரண்டு என்பது புரியவில்லை.

கடைக்குத் திரும்பிச் செங்கலை மறுபடி புரட்டினேன். அட்டவணைக்கு அடியில், மூக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத பொடி எழுத்தில் ஒரு அடிக்குறிப்பு. பூஜ்யமும் ஒன்றும் வேறு குறிப்புகளுக்காக ஒதுக்கப்பட்டவை. ஆகவே கட்டங்களை எண்ணுவது இரண்டிலிருந்து தொடங்குகிறது. நானோ பூஜ்யத்திலிருந்து எண்ணியிருந்தேன். முந்தின நாள் காலையில் அதே பக்கத்தைப் படித்தவள்தான். அடிக்குறிப்பு என்பதால் தாண்டிப் போயிருக்கிறேன். என் புத்தி அது.

நிரலில் ஒரு 'இரண்டைக் கழி' சேர்த்தேன். அவ்வளவுதான் திருத்தம். சனிக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்து வாசலில் மணி அடித்தார். என் கணவர் வெளியே போய், "இன்னைக்கு ஒண்ணும் இல்லப்பா, போயிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். கரையான் அரித்ததைக்கூடப் போடவில்லை.

முப்பது பாடங்கள் தலை முதல் கால் வரை வந்தன. இருபத்து மூன்றாவது பாடம் மட்டும் பாதியில் அறுந்தது. டீச்சர் அதைப் பின்னால் நீட்டி எழுதியிருக்கிறார். நீட்டிய பகுதி வேறு எங்கோ போய் உட்கார்ந்திருக்கும். எது எங்கே தொடர்கிறது என்ற குறிப்பு முன் அட்டவணையோடு போய்விட்டது. அதை நான் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. சொன்னபோது டீச்சர், "ஏழு பக்கம்தானுங்களே, எனக்கு நெனப்பிருக்குது" என்று உட்கார்ந்து மத்தியானத்துக்குள் அடித்து முடித்துவிட்டார். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடு வரைகிற பாடம் அது. கண்ணால் வட்டத்தைப் பார்த்தே இராத ஒருவர் அதை மனதிலிருந்து எடுத்துப் புள்ளி புள்ளியாக வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஒன்பது பிரதி அச்சடிக்க நாலு நாள் ஆனது. கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனதற்கு உண்மையான காரணம், உள்ளே தூசி அடைத்த ஒரு காற்றாடி. சுத்தம் செய்ய பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கடைசி நாள் வரும்போது, "அந்தப் புஸ்தகத்தைக் கொண்டாறீங்களா? எண்ண ஆரம்பிக்கற எடத்தைப் பத்தி எழுதியிருந்த பக்கத்தை எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்று டீச்சர் கேட்டிருந்தார். கொண்டு போனேன். அவர் தட்டச்சை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதை முப்பத்திரண்டாவது பாடமா வெக்கப் போறேனுங்க. பரீட்சைக்கு இல்லை, சும்மா. கணக்கு எதுக்கு ஆகும்னு கேக்கறாளுக. சொல்லுங்க."

ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழாக்கிச் சொன்னேன். கட்டங்கள், அட்டவணை, ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. ஆறு விசையில் அவர் விரல்கள் விழுந்து விழுந்து எழுந்தன. 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்திய புத்தகம், அகரத்தில் ஒரு மேசையின் மேல், தடித்த தாளில் மேடு மேடாக மறுபடி பிறந்துகொண்டிருந்தது. பார்மட் பற்றிய வரி வந்தது.

"டிஸ்க்கை ஒருவர் பார்மட் செய்தால்..." என்று தொடங்கினேன். நின்றுவிட்டேன்.

அவர் விரல்களும் விசையின் மேல் நின்றன.

"டீச்சர், அந்த டிஸ்க் தானா போகல. நாந்தான் பாக்காம அழிச்சேன்."

"தெரியுமுங்க" என்றார். "பதினோரு வருசம் அதுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். அதோட ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும். கெட்டுப்போனா அப்படி ஓடாது. நீங்க பாடிக்கிட்டே ஏதோ தட்டுனீங்க, அது மடமடன்னு ஓடி நின்னுச்சு. அப்பவே எனக்குக் கை நின்னு போச்சு."

கண் நிறைந்து புத்தகத்தின் எழுத்துகள் கலங்கின.

"அப்ப ஏன் டீச்சர் அன்னைக்கே கேக்கல?"

"கேட்டிருந்தா சண்டை வந்திருக்கும், நீங்க போயிருப்பீங்க. பாடத்தை யாரு தேடறது?" தட்டச்சில் தாளை ஒரு வரி ஏற்றினார். "இன்னைக்குச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். சரிங்க அம்மிணி, விட்ட எடத்துல இருந்து படிங்க."

படித்தேன்.